பதினான்கு ஜீன்ஸ், ஒரு நாடாக் கட்டில்

நேற்று காலை மாமா, அதாவது என் மாமனார், மொட்டை மாடியிலிருந்து இறங்கி வந்ததும், "ராத்திரி ஒரு தடவைகூட எழுந்திருக்கவில்லை அம்மா" என்றார். பழைய ஜீன்ஸ் துணியை வெட்டி, மடித்து, தைத்து நான் பின்னிய கட்டிலில் அவர் படுத்த பன்னிரண்டாவது இரவு அது. மாசிக் கடைசியில் தொடங்கிய வேலை. ஒரு முறை முழுவதும் தோற்று, எல்லாவற்றையும் அவிழ்த்துப் போட்டு, மறுபடி முதலிலிருந்து செய்து, சித்திரை நடுவில்தான் முடிந்தது. அளவும் செலவும் தப்பிய இடங்களும் மனதில் இருக்கும்போதே எழுதிவைக்கிறேன்.

வேலூர் வெயிலை இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கத்திரியில் நாற்பது டிகிரியைத் தாண்டும். பொழுது இறங்கினாலும் ஊரைச் சுற்றி நிற்கும் மொட்டைப் பாறை மலைகள் பகலில் குடித்த சூட்டை நள்ளிரவு வரை விட்டுக்கொண்டே இருக்கும். சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டுக் கீழ் அறையில் மின்விசிறி அனல் காற்றைத்தான் சுற்றும். என் மாமனாருக்கு எழுபத்தெட்டு வயது. பங்குனி பிறந்தால் ஆவணி வரை, மழை இல்லாத இரவெல்லாம் அவருக்கு மொட்டை மாடிதான். அவருடைய இரும்பு நாடாக் கட்டில் முப்பது வருடத்துக்கு மேல் உழைத்தது. குழாய்ச் சட்டம் கல் மாதிரி இருக்கிறது. நைலான் நாடாதான் வெயிலில் காய்ந்து பொடியத் தொடங்கியது. விரலால் தேய்த்தால் வெள்ளைத் தூளாக உதிரும். போன வருடம் நடுவில் இரண்டு அறுந்தன. இந்த மாசியில் மாமா உட்கார்ந்தபோது இடுப்புப் பக்கம் ஒரேயடியாக நான்கு அறுந்து, கை ஊன்றித்தான் எழுந்தார்.

கட்டில் பின்னுகிறவரிடம் கேட்டேன். நாடா நான்கு கிலோ, கூலி எல்லாம் சேர்த்து 1,650 ரூபாய் என்றார். நியாயமான விலைதான். ஆனால் எங்கள் பரணில் ஒரு சாக்குமூட்டை நிறைய ஜீன்ஸ் கிடந்தது. இரண்டு பையன்கள் வளர்ந்த வீடு. அவர்களுடையது, என் கணவருடையது, நாத்தனார் மகன் கொடுத்தது என்று எண்ணினால் இருபத்துநான்கு. முட்டி கிழிந்தவை, தொடை உரசும் இடத்தில் கண்ணாடி மாதிரி இழைந்தவை, ஜிப் போனவை. பழைய துணிக்குப் பாத்திரம் தருகிற அம்மா இவற்றைத் தொட்டுக்கூடப் பார்க்க மாட்டார். தூக்கி எறிய எனக்கும் மனம் வரவில்லை. ஒரு ஜீன்ஸில் தேய்கிற இடம் மொத்தத்தில் நான்கைந்துதான்: முட்டி, கவட்டை, பின்பக்கம், கால் மடிப்பின் குதிகால் ஓரம். மற்ற இடமெல்லாம் வாங்கிய நாளில் இருந்த உறுதியோடுதான் இருக்கிறது.

முதலில் அளவு. சட்டம் ஆறு அடி நீளம், இரண்டரை அடி அகலம். அதாவது 72 அங்குலம், 30 அங்குலம். குழாயின் குறுக்களவு ஓர் அங்குலம். நாடா இரண்டு அங்குல அகலம் என்று வைத்தால் நீளவாக்கில் ஒன்பது, குறுக்கே இருபது போதும். இடையில் ஒன்றரை அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக இடைவெளி வரும். ஒவ்வொரு முனையும் குழாயைச் சுற்றி வந்து தன்மேலேயே படிந்து தைபட வேண்டும். அதற்கு முனைக்கு எட்டு அங்குலம் விட்டேன். ஆக நீள நாடா ஒன்று 88 அங்குலம், குறுக்கு நாடா ஒன்று 46 அங்குலம். எல்லாம் சேர்த்து 143 அடி வருகிறது. இதுவரை போட்ட கணக்கில் பிழை இல்லை. பிழை கத்தரியை எடுத்ததும் தொடங்கியது.

நாடாவில் ஒட்டுப் போடுவது எனக்குப் பிடிக்கவில்லை. ஒட்டுகள்தான் பலவீனம் என்று நினைத்தேன். அதனால் ஜீன்ஸ் காலை அப்படியே குழாய் மாதிரி வைத்துக்கொண்டு, கால் மடிப்பில் தொடங்கி, ஆப்பிள் தோல் சீவுவது போலச் சுற்றிச் சுற்றி ஐந்து அங்குல அகலத்தில் வெட்டினேன். ஒரு காலில் எட்டு அடிக்கு மேல் ஒரே துண்டாகக் கிடைத்தது. மிகவும் சந்தோஷமாக இருந்தது. மூட்டையில் மேலே கிடந்த ஒன்பது ஜீன்ஸை, எது என்ன துணி என்று பார்க்காமல், இரண்டு நாளில் வெட்டி முடித்தேன். ஓரங்களை அரை அங்குலம் உள்ளே மடித்து, பிறகு இரண்டாக மடித்து, மூன்று வரி ஓட்டினேன். ஐந்தில் ஓர் அங்குலம் மடிப்புக்குப் போய் மீதி நான்கு. இரண்டாக மடித்தால் இரண்டங்குல நாடா. பின்னி முடித்தபோது பார்க்க அவ்வளவு அழகு. வெளிர் நீலம், கரு நீலம், சாம்பல் நீலம் என்று கட்டில் முழுக்கக் கட்டம் போட்டிருந்தது.

முதல் இரவு மாமா எழுந்த பிறகு நடுவில் கயிறு பிடித்து அளந்தேன். மூன்று அங்குலம் தொய்ந்திருந்தது. புது நாடா கொஞ்சம் இளகத்தானே செய்யும் என்று அவரும் நானும் சமாதானம் சொல்லிக்கொண்டோம். மூன்றாம் இரவுக்குப் பிறகு ஆறரை அங்குலம். தூளி மாதிரி ஆகிவிட்டது. அவர் ஒன்றும் குறை சொல்லவில்லை. காலையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு படி இறங்கியதைப் பார்த்தபோது எனக்குத் தொண்டையை அடைத்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை குடியாத்தத்திலிருந்து அம்மா வந்திருந்தார். எங்கள் பிறந்த வீடு தறி வீடு. அப்பா கைலி நெய்தார். அம்மா இழை சுற்றியும் பாவு ஓட்டியும் எங்களை வளர்த்தார். எங்கள் வீட்டில் நாடா என்றால் தறியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுகிற ஓடம்தான். கல்யாணமாகி வந்த புதிதில் 'கட்டில் நாடா' என்று இங்கே சொன்னபோது எனக்குக் கொஞ்ச நேரம் புரியவில்லை. அம்மா மாடிக்கு வந்து கட்டிலைப் பார்த்தார். உட்காரவில்லை. தொய்ந்த ஒரு நாடாவைத் தூக்கி, இரண்டு கட்டைவிரல் நகத்தாலும் ஓரத்தைப் பிரித்து, வெயிலுக்கு நேரே பிடித்தார்.

"நீ ஊடை மேல் பளு ஏற்றியிருக்கிறாய். பாவு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்தாயா?"

பார்க்கவில்லை. தறி வீட்டில் பிறந்தும் பார்க்கவில்லை. தறியில் நீளவாக்கில் ஓடும் நூல் பாவு, அதன் குறுக்கே ஓடுவது ஊடை. ஜீன்ஸ் துணியில் அது கண்ணுக்கு நேரே தெரிகிற விஷயம். பாவு நூல்தான் நீலச் சாயம் ஏறியது. ஊடை சாயமில்லாத வெள்ளை. பெரும்பாலும் மூன்று பாவு மேலே, ஒன்று கீழே என்று சாய்வாக நெய்வதால்தான் வெளிப்பக்கம் நீலமாகவும் உள்பக்கம் வெளுப்பாகவும் இருக்கிறது. கால்சட்டையில் அந்த நீல நூல் இடுப்பிலிருந்து கால் மடிப்பை நோக்கி ஓடும். நான் சுற்றிச் சுற்றி வெட்டியதால் என் நாடாவின் நீளம் முழுவதும் வெள்ளை ஊடை ஓடியது, அதுவும் கொஞ்சம் கிராஸாக. மாமா கடிதம் படிக்க வைத்திருக்கும் உருப்பெருக்கிக் கண்ணாடியை வாங்கி ஓர் அங்குலத்தில் எத்தனை நூல் என்று எண்ணினேன். நீலம் 64, வெள்ளை 42. இழுவையைத் தாங்க வேண்டிய திசையில் மூன்றில் ஒரு பங்கு நூல் குறைவு. போதாததற்கு, இப்போது வருகிற இழுபடும் ஜீன்ஸ்களில் ரப்பர் மாதிரி நீளும் இழையைப் பெரும்பாலும் ஊடையில்தான் சேர்க்கிறார்கள். என் ஒன்பதில் ஐந்து அந்த வகை.

அம்மா சொன்னதை நம்பாமல் இல்லை. ஆனாலும் இன்னொரு முறை தவறக் கூடாது என்று சோதித்தேன். பதினெட்டு அங்குல நீளத்தில், இரண்டு அங்குல அகலத்தில், மடிக்காத ஒற்றைத் துண்டுகள் மூன்று. கெட்டி ஜீன்ஸில் பாவு வாக்கில் ஒன்று, அதே ஜீன்ஸில் ஊடை வாக்கில் ஒன்று, இழுபடும் ஜீன்ஸில் ஊடை வாக்கில் ஒன்று. ஒவ்வொன்றிலும் இருபது லிட்டர் குடிநீர்க் கேனைக் கட்டி மாடிப்படிக் கம்பியில் ஓர் இரவு தொங்கவிட்டேன். காலையில் முதல் துண்டு அரைக்கால் அங்குலம்கூட நீளவில்லை. இரண்டாவது பத்தொன்பதேகால் அங்குலம். மூன்றாவது இருபத்தொன்றரை அங்குலம். கேனைக் கழற்றிய பிறகும் பழைய அளவுக்குத் திரும்பவில்லை. இந்த ஒரு சோதனையை முதல் நாளே செய்திருந்தால் ஒன்பது ஜீன்ஸும் மூன்று வாரமும் மிச்சமாகியிருக்கும்.

மிச்சமிருந்த பதினைந்தைத் தரம் பிரித்தேன். கையால் குறுக்கே இழுத்து விட்டால் தெரிந்துவிடுகிறது. கெட்டிப் பருத்தி அசையாது, கலப்புத் துணி நீண்டு சுருங்கும். சந்தேகமானவற்றில் ஊடை நூலை நான்கைந்து உருவித் தீக்குச்சியில் காட்டினேன். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு மெல்லிய சாம்பலாகும். செயற்கை இழை உருகி, ஆறியதும் கடினமான மணியாக நிற்கும். எடையிலும் வித்தியாசம் இருந்தது. கெட்டி ஜீன்ஸ் ஒவ்வொன்றும் 700 கிராமுக்கு மேல். இழுபடுபவை 450, 500. கழித்தது போக பதினொன்று தேறியது. கணக்குப்படி பதினான்கு வேண்டும். காட்பாடியில் விடுதியில் தங்கிப் படிக்கும் நாத்தனார் மகனிடம் சொன்னேன். அடுத்த வாரம் நண்பர்களிடம் வாங்கி மூன்று கொண்டுவந்து கொடுத்தான். மூன்றும் நல்ல கனமான துணி.

வெட்டும் முறையை முழுவதுமாக மாற்றினேன். இடுப்புப் பட்டியையும் பைகளையும் முதலில் தனியே எடுத்துவிட்டேன். பை ஓரத்துச் செம்பு ஆணிகள் கத்தரியின் வாயைக் கெடுத்துவிடும். அவற்றைச் சுற்றி அரை அங்குலம் விட்டு வெட்டினேன். பத்துப் பன்னிரண்டு வருடம் ஆன ஜீன்ஸிலும் அந்த ஆணி இருந்த இடம் மட்டும் பிரியவில்லை. அமெரிக்காவில் நெவாடா மாநிலத்து ரீனோ ஊரில் ஜேக்கப் டேவிஸ் என்ற தையற்காரர், தொழிலாளர்களின் கால்சட்டைப் பைகள் கிழிந்துகொண்டே இருந்ததால் அங்கே செம்பு ஆணி அடித்தார். துணி வியாபாரி லீவை ஸ்ட்ராஸோடு சேர்ந்து 1873 மே 20 அன்று அதற்குக் காப்புரிமையும் பெற்றார். நூற்றைம்பது வருடத்துக்கு முன் ஒரு தையற்காரர் யோசித்தது என் கட்டிங் பிளேயருக்கு இன்றைக்கும் அசைந்து கொடுக்கவில்லை.

பிறகு காலின் உள்பக்கத் தையலை இரண்டு ஓரத்திலும் ஒட்டி வெட்டி எடுத்தேன். அது மடித்து மடித்து இரட்டையாக ஓட்டிய கனமான தையல்; முழு நீளத்துக்குக் கயிறு மாதிரி வந்துவிடுகிறது. அதைத் தனியே சுருட்டி வைத்தேன். இப்போது கால் ஒரே தாளாக விரிகிறது. கால் மடிப்புப் பக்கம் பதினாறு அங்குலம், தொடைப் பக்கம் இருபதுக்கு மேல். நடுவில் வெளிப்பக்கத் தையல் இருக்கும். அதை நடுக்கோடாக வைத்து இரும்பு ஸ்கேலால் நீல நூலை ஒட்டியே சாக்பீஸ் கோடு போட்டு, ஐந்து அங்குலத்தில் மூன்று பட்டை எடுத்தேன். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 27 அங்குல நீளம். பதினான்கு ஜீன்ஸில் 84 வந்திருக்க வேண்டும். முட்டி கிழிந்ததில் எட்டு போக 76. நீள நாடா ஒன்றுக்கு நான்கு, குறுக்கு நாடா ஒன்றுக்கு இரண்டு. சரியாக 76தான் தேவை. ஒன்றுகூட உபரி இல்லாததால் கடைசி வரை பயந்துகொண்டே தைத்தேன்.

நடுப்பட்டைகளில் வெளிப்பக்கத் தையல் உள்ளே ஓடுகிறது. அவைதான் மிக உறுதியானவை. அவற்றை மட்டும் நீல நிற நூல் கட்டி அடையாளம் வைத்துக்கொண்டு, இடுப்பு படும் இடத்துக்கு ஒதுக்கினேன்.

தையல் என் மாமியார் வைத்துவிட்டுப் போன கால் மெஷினில். கைலி ஓரம் அடிக்கிற 14ஆம் நம்பர் ஊசி இதற்கு ஆகாது. முதல் தடவை 16 போட்டு ஐந்து உடைத்தேன். இரண்டாம் தடவை லாங் பஜார் பக்கத்துச் சந்தில் தையல் சாமான் கடையில் 18ஆம் நம்பர் கேட்டு வாங்கினேன். பத்தில் மூன்றுதான் உடைந்தது. நூலும் மாற்ற வேண்டியிருந்தது. சாதாரணப் பருத்தி நூல் மேலே சரியாக ஓடி, அடியில் அறுந்துவிடுகிறது. ஜீன்ஸுக்கென்றே விற்கும் கனத்த பாலியஸ்டர் நூலை மேலேயும் பாபினிலும் போட்ட பிறகு அறுபடவில்லை. தையல் நீளத்தை இருப்பதிலேயே பெரிதாக வைத்தேன். சின்னத் தையலாக நெருக்கிப் போட்டால் ஊசித்துளை வரிசையாக விழுந்து, தபால்தலை ஓரம் மாதிரி கிழிய வழி செய்துவிடுகிறது.

ஒட்டுப் போடும் முறையைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் பயந்தது அதற்குத்தான். இரண்டு பட்டைகளையும் மடிப்பதற்கு முன்பே, இரண்டு அங்குலம் ஒன்றன்மேல் ஒன்று படியவைத்து, சுற்றிலும் சதுரமாக ஓட்டி, உள்ளே மூலைக்கு மூலை பெருக்கல் குறி போல இரண்டு வரி. அதன் பிறகுதான் மடிப்பு. மடித்ததும் அந்த இடம் நான்கு அடுக்கு, ஓரத்தில் இன்னும் கூடும். பாதம் ஏறாது. சுத்தியலால் பலகைமேல் வைத்து நன்றாக அடித்துத் தட்டையாக்கி, அந்த இரண்டு அங்குலத்தை மட்டும் மிதிக்காமல் கைச்சக்கரத்தால் ஊசியை ஒவ்வொரு குத்தாக இறக்கினேன். ஓர் ஒட்டுக்கு நான்கைந்து நிமிடம் ஆனது. மொத்தம் நாற்பத்தேழு ஒட்டுகள். பின்னும்போது அடுத்தடுத்த நாடாக்களின் ஒட்டுகள் ஒரே வரிசையில் வராதபடி மாற்றி மாற்றி வைத்தேன். இதுவரை ஓர் ஒட்டும் பிரியவில்லை.

இந்த நாட்களில் என் கணவர் சட்டத்தைப் பார்த்துக்கொண்டார். துருவை உப்புக்காகிதத்தால் தேய்த்து, ரெட் ஆக்சைடு ஒரு பூச்சு, மேலே பச்சைப் பெயின்ட் இரண்டு பூச்சு, மூன்று நாள் காயவைத்தல். நைலான் நாடாவுக்குத் துரு ஒன்றும் செய்யாது, பருத்தி அப்படியல்ல. துருப்பிடித்த குழாயில் பனி ஈரத்தோடு பருத்தி ஒட்டிக்கொண்டிருந்தால் அந்த இடம் இற்றுப்போகும். முதல் முயற்சியில் இதையும் செய்யாமல் விட்டிருந்தேன். அவிழ்த்தபோது எல்லா முனையிலும் காவி நிறக் கறை.

முனைகளைக் கட்டுவதுதான் கடினமான பகுதி. சட்டத்தைச் சுற்றிய பிறகு அதை மெஷினுக்குள் கொண்டுபோக முடியாது. முதல் தடவை சாக்குத் தைக்கும் ஊசியால் கைத்தையல் போட்டேன். விரல் நுனியெல்லாம் ரத்தம், தையலும் இளகிவிட்டது. இந்த முறை வழியில் செருப்புத் தைக்கும் அண்ணனிடம் ஒரு நாடாவைக் கொண்டுபோய்க் காட்டினேன். ஆம்பூரில் ஷூ கம்பெனியில் பல வருடம் வேலை பார்த்தவர். துணியைக் கையில் வாங்கி, மடித்த ஓரத்தை அழுத்திப் பார்த்து, "இது தோல் மாதிரிதான் அம்மா. தோலுக்குச் செய்வதையே இதற்கும் செய்யுங்கள்" என்றார்.

அவர் செய்துகாட்டியதை அப்படியே சொல்கிறேன். நைலான் நூலை ஒரு முழம் அளந்து, மெழுகுக் கட்டியின்மேல் கட்டைவிரலால் அழுத்தி மூன்று முறை இழுத்தார். நான்காவது இழுப்பில் நூல் கிறீச்சென்றது. அந்தச் சத்தம் வந்தால்தான் மெழுகு பிடித்தது என்று அர்த்தமாம். நுனியில் கொக்கி உள்ள குத்தூசியைத் துணியில் இறக்கி, அடியில் நூலை மாட்டி மேலே இழுத்து, அந்த வளையத்துக்குள் இன்னொரு நூலைக் கோத்து, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் சுண்டினார். முடிச்சு துணிக்குள்ளேயே போய் உட்கார்ந்தது. கற்றுக்கொடுத்ததற்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். ஒரு மாலை வீட்டுக்கு வந்து ஆறு முனைகள் அவரே தைத்தார். அதற்கு மட்டும் 120 ரூபாய் வாங்கிக்கொண்டார். மீதி ஐம்பத்திரண்டு முனைகள் நான் தைத்தேன். முதல் பத்து கோணல். அதற்குப் பிறகு ஒரு முனைக்குப் பதினைந்து நிமிடம்.

இழுத்துக் கட்டுவதற்கு இரண்டு பேர் வேண்டும். தலைமாட்டு முனையைத் தைத்துவிட்டு, கால்மாட்டு முனையைக் குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து, உடைந்த மண்வெட்டிக் காம்பில் இரண்டு சுற்று சுற்றி, காம்பைச் சட்டத்தில் ஊன்றி என் கணவர் நெம்பிப் பிடிப்பார். கிடுக்கி மாட்டிவிட்டு நான் தைப்பேன். விரலால் சுண்டினால் பறை மாதிரிச் சத்தம் வர வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். நீளவாக்கில் ஒன்பதும் முடிந்த பிறகு குறுக்கு நாடாவை மேல் கீழாகக் கோத்து வந்தோம். பதினைந்தாவதுக்கு மேல் கோப்பது கஷ்டம். ஏற்கெனவே இறுகியிருப்பதால் விரல் நுழையாது. தட்டையான மரக்கரண்டியை நுழைத்து இடம் பண்ணித்தான் இழுத்தோம்.

முதல் இரவில் இன்னொரு தப்பு. மாமாவின் வெள்ளை வேட்டியில் முதுகிலிருந்து முட்டி வரை நீலக் கோடுகள். அவுரிச் செடியில் எடுத்த நீலத்தின் இடத்தை ஆலை நீலம் 1897இல் சந்தைக்கு வந்த பிறகு பிடித்துக்கொண்டது. இரண்டுக்கும் குணம் ஒன்றுதான். அது தண்ணீரில் கரைகிற சாயம் இல்லை. நூலின் உள்ளே வரை போகாமல் மேலேயே படிந்திருக்கும். அதனால்தான் ஜீன்ஸ் வெளுக்கிறது, அதனால்தான் உரசினால் ஒட்டுகிறது. உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் நிற்கும் என்று பலரும் சொல்வார்கள். மிச்சத் துண்டுகளில் செய்துபார்த்தேன், நிற்கவில்லை. ஈரமான வெள்ளைத் துணியால் ஒவ்வொரு நாடாவாகத் தேய்த்துப் பார்த்தபோது, பழைய வெளுத்த துணிகளில் எதுவும் ஒட்டவில்லை. விடுதியிலிருந்து வந்த மூன்றில் இரண்டு கருநீலம்தான் காரணம். கட்டிலில் இருந்தபடியே அந்த நாடாக்களைச் சோப்புத் தண்ணீரும் பிரஷும் போட்டு நான்கு நாள் தேய்த்துக் கழுவினேன். இப்போது ஈரத்தில் மட்டும் லேசாக ஒட்டுகிறது. மேலே ஒரு ஜமக்காளம் விரித்துத்தான் மாமா படுக்கிறார். அந்த இரண்டு ஜீன்ஸையும் வெட்டுவதற்கு முன்பே நான்கைந்து தடவை துவைத்து வெயிலில் போட்டிருக்க வேண்டும்.

மாமாவின் எடை 68 கிலோ. முதல் இரவுக்குப் பின் தொய்வு இரண்டேகால் அங்குலம். பன்னிரண்டாம் இரவுக்குப் பின் இரண்டே முக்கால். அவரே தன் பழைய நோட்டில் தேதி போட்டு எழுதிவைத்திருக்கிறார். காலையில் எழுந்ததும் கயிறும் ஸ்கேலும் எடுத்துக்கொண்டு அளப்பது அவருடைய வேலையாகிவிட்டது.

செலவு: ஊசி 110, நூல் ஐந்து உருளை 225, பெயின்ட்டும் உப்புக்காகிதமும் 260, குத்தூசி 60, மெழுகும் நைலான் நூலும் 90, செருப்புத் தைக்கும் அண்ணனுக்கு 120, சாக்பீஸ் 10. மொத்தம் 875 ரூபாய். முதல் முயற்சியில் வீணானது தனியே 130. நேரம், இரண்டாம் முயற்சிக்கு மட்டும்: வெட்ட ஒன்பது மணி, தைக்கப் பதினேழு, சட்டத்துக்கு ஐந்து, முனை கட்டப் பதினைந்து. பணத்துக்காக என்றால் இதைச் செய்யவே வேண்டாம். கட்டில் பின்னுகிறவரையே கூப்பிடலாம். நைலான் முதுகில் ஒட்டி வேர்க்கும், இது வேர்வையை உறிஞ்சிக்கொள்கிறது என்று மாமா சொல்கிறார். எனக்கு அது போதும்.

மிச்சத்தில் உருப்படியானவை சில. பின்பக்கப் பைகளில் நல்லதாகப் பதினாறை ஒரு பழைய ஜீன்ஸ் முதுகுத் துணிமேல் நான்கு வரிசையாகத் தைத்து மெஷினுக்குப் பின்னால் சுவரில் மாட்டியிருக்கிறேன். கத்தரி, டேப், பாபின், எண்ணெய்ப் புட்டி எல்லாம் அதில்தான். உருவி வைத்த உள்பக்கத் தையல் கயிறுகள் பீர்க்கைப் பந்தலுக்குப் போயின. பிளாஸ்டிக் கயிறு மாதிரி தண்டை அறுக்காது. சுற்றி வெட்டித் தோற்ற நாடாக்களும் இழுபடும் ஜீன்ஸும் வீணாகவில்லை. அம்மா அவற்றைச் சுருளாகச் சுற்றித் தைத்து இரண்டு உட்காரும் மெத்தை செய்து, ஒன்றைத் தறிக்குழி ஓரத்தில் போடக் குடியாத்தம் எடுத்துப்போனார். கால் பகுதியை அடியில் தைத்துச் செடிப்பை ஆக்கலாம் என்று போன வருடமே செய்துபார்த்தேன். மண் ஈரத்தில் நான்கு மாதத்தில் அடி இற்றுப்போய்க் கத்திரிச் செடி வேரோடு சாய்ந்தது. அதைச் செய்யுங்கள் என்று யாருக்கும் சொல்ல மாட்டேன்.

அடுத்த கட்டிலுக்கு மாற்ற வேண்டியது என்று குறித்திருப்பவை: பதினான்கு இல்லாமல் பதினாறு ஜீன்ஸாவது கையில் இருந்தால்தான் கத்தரி எடுப்பது, கருநீலத்தை முன்பே துவைப்பது, மறுபடி இழுத்துக் கட்டப் பிடி இருக்கும்படி முனையை எட்டு அங்குலத்துக்குப் பதில் பத்தாக விடுவது. பெரிய குறை ஒன்று இன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. இடுப்புப் பக்கம் வலது ஓரத்தில், மாமா தினமும் கை ஊன்றி எழுகிற இடத்தில், பதினொன்றாவது பன்னிரண்டாவது நாடாக்கள் குழாயில் திரும்பும் வளைவில் லேசாக வெள்ளை ஊடை வெளியே தெரிகிறது. நீலப் பாவு அங்கே தேயத் தொடங்கிவிட்டது. இதே பருத்தி, முட்டியில் தேய்ந்த மாதிரியே இங்கேயும் தேய்கிறது. அண்ணனிடம் சொன்னேன். ஆம்பூர்ப் பக்கம் கிலோ கணக்கில் விற்கும் தோல் வெட்டுத்துண்டு கொஞ்சம் அவரிடம் இருக்கிறதாம். இரண்டங்குலத்துக்கு நான்கங்குலமாக அறுத்து, குழாய்க்கும் நாடாவுக்கும் நடுவில் மெழுகு தடவிச் செருகி, ஓரத்தில் மட்டும் தைத்தால் போதும் என்றார். சனிக்கிழமை மாலை வரச் சொல்லியிருக்கிறார். அதுவரை மாமா இடது பக்கமாக எழுந்துகொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.